மாயக் கதை படித்தோம், மகிழ்ந்தோம்!

பேய் இல்லை, பிசாசு இல்லை, பில்லி சூனியம் என்பதெல்லாம் பித்தலாட்டம் என்று மேடைதோறும் முழங்கி வருகின்றவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம், மாயக்குலத்தாரும் சூனியக்காரிகளும் வரிக்கு வரி உலவுகின்ற காதல் புதினங்களைக் கையில் எடுத்தோம், எடுத்ததைக் கீழே வைக்க மனமின்றிப் படித்தோம், படித்து மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியை மறைத்து வைப்பானேன்? வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவர் இரு சாரார். ஒரு சாரார் நம் தோழர்களே. "நாட்டிலே எத்தனையோ சிக்கல்கள் இருக்க, சிறகு முளைத்த ஆணழகனும் அவன்மீது காதல் கொண்ட கன்னியும் நம் ஏட்டுக்கு ஒரு பொருளா?" என்று கேட்பர். மற்றொரு சாரார் நம்மை எதிர்ப்பதையே தொழிலாகக் கொண்ட பழமைவாதிகள். "எங்கள் புராணத்தைப் பொய் என்றீர்களே! வெள்ளைக்கார அம்மாள் எழுதிய பொய் மட்டும் இனிக்கிறதோ?" என்று கைகொட்டிச் சிரிப்பர். முதற் கேள்விக்குக் கதையே விடை சொல்லும். இரண்டாம் கேள்வி பொருளுள்ளது; அதற்குப் பின்னர் வருவோம்.

சாரா ஜே. மாஸ் என்னும் அம்மையார் 1986-இல் நியூயார்க் நகரிலே பிறந்தவர். பதினாறாம் வயதிலேயே கதை எழுதத் தொடங்கியவர். 2015-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்'. முள்ளும் ரோஜாவும் நிறைந்த அரசவை என்று நம் மொழியில் கூறலாம். ஐரோப்பியக் கிராம மக்கள் காடுகளிலும் மேடுகளிலும் வாழ்வதாகக் கற்பித்துக் கொண்ட ஒரு கூட்டத்துக்கு 'ஃபே' என்று பெயர். மனிதரைவிட அழகு, மனிதரைவிட வலிமை, மனிதரைவிட நெடிய வாழ்நாள்; ஆனால் மனித நெஞ்சில் சுரக்கும் இரக்கம் மட்டும் குறைவு. நாம் அவர்களை மாயக்குலத்தார் என்றே அழைப்போம்.

கதை காதலில் தொடங்கவில்லை, பசியில் தொடங்குகிறது. நம்மை முதலில் பிடித்து இழுத்தது அதுதான்.

ஃபெய்ரா என்பவள் பத்தொன்பது வயதுப் பெண். தந்தை ஒரு காலத்தில் பெரு வணிகர். கப்பல்கள் போயின, செல்வம் போயிற்று. கடன்காரர்கள் வீடு புகுந்து அவர் முழங்காலை அடித்து நொறுக்கினர். அன்று முதல் அவர் மூலையில் குந்தி மரத்துண்டைச் செதுக்கிக் கொண்டிருக்கிறார். மூத்த பெண்கள் இருவர். பழைய செல்வத்தின் நினைவு அவர்களை விட்டு அகலவில்லை. கடைக்குட்டியாகிய ஃபெய்ராவே வில்லெடுத்துப் பனிக் காட்டில் வேட்டையாடி நால்வர் வயிற்றையும் நிரப்புகிறாள். மானைக் குறிபார்த்துக் காத்திருக்கையில் அதே மானைத் தேடி ஓர் ஓநாய் வருகிறது. அளவில் பெரிய ஓநாய். கொன்று விடுகிறாள். தோலைச் சந்தையில் விற்கிறாள். அந்த ஓநாய் உருமாறி வந்த மாயக்குலத்தான் என்பது பிறகே தெரிகிறது. கதவை உடைத்துக் கொண்டு ஒரு விலங்கு நுழைகிறது. உயிருக்கு உயிர் கேட்கிறது. சாகிறாயா, அல்லது எல்லைச் சுவருக்கு அப்பால் எங்கள் நாட்டில் ஆயுள் முழுதும் வாழ்கிறாயா என்கிறது. அவள் புறப்படுகிறாள். வாசலில் நிற்கும் விலங்கு, மாளிகையிலே டாம்லின் என்னும் அரசகுமாரன் ஆகிறது. முகத்திலே கழற்ற முடியாத ஒரு முகமூடி.

இதெல்லாம் எங்கோ கேட்ட கதை போல இருக்கிறதே என்று வாசகர் நினைக்கலாம். கேட்டதுதான். 1740-இல் பிரான்சு நாட்டில் வில்னேவ் அம்மையார் எழுதிய 'அழகியும் விலங்கும்' கதையின் எலும்புக்கூடு இதற்குள் இருக்கிறது. 1756-இல் போமோன் அம்மையார் அதைச் சுருக்கி எழுத, உலகமெங்கும் பரவிற்று. பெண்ணின் விருப்பத்தைக் கேளாமலே முன்பின் அறியாத ஒருவனுக்கு அவளை ஒப்படைப்பது நல்ல குடும்பத்து வழக்கமாயிருந்த காலம் அது. விலங்கின் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண் என்ற கற்பனை அங்கே வேர்விட்டதில் வியப்பென்ன?

இன்னொரு எலும்புக்கூடும் உண்டு, அது ஸ்காட்லாந்துக்குரியது. 'டாம் லின்' என்பது அந்நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்த கதைப்பாட்டு. 1549-இல் வெளிவந்த நூலொன்றிலேயே அதன் பெயர் காணப்படுகிறது. மாயக்குலத்து அரசியிடம் சிறைப்பட்ட மனிதன் டாம் லின். அவனைக் காதலித்துக் கருவுற்ற ஜேனட் என்னும் பெண் அவனை மீட்கத் துணிகிறாள். குறித்த ஓர் இரவில் மாயக்குலத்தார் குதிரைகளில் ஊர்வலமாக வருவர். வெள்ளைக் குதிரையில் வருபவனை அவள் இழுத்து இறக்கி இறுகத் தழுவிக் கொள்ள வேண்டும். அவன் பாம்பாக மாறுவான், கொடிய விலங்காக மாறுவான், காய்ச்சிய இரும்பாக மாறுவான். பிடியை மட்டும் விடக்கூடாது. அவள் விடவில்லை. மனிதன் மீண்டான். அந்த வெள்ளைக் குதிரையை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு மீண்டும் வேலை இருக்கிறது.

மாஸ் அம்மையாரின் கதைக்குத் திரும்புவோம். டாம்லினையும் அவன் நாட்டையும் அமராந்தா என்னும் கொடுங்கோலி சாபத்தால் கட்டி வைத்திருக்கிறாள். அவனை மீட்க ஃபெய்ரா மலைக்கடியில் இருக்கும் அரண்மனைக்குப் போகிறாள். மூன்று சோதனைகள். முதற் சோதனையில் பூதப்புழுவை வெல்கிறாள். அது வேட்டைக்காரியின் திறமைக்குரியது. இரண்டாம் சோதனையிலேதான் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பள்ளம் போன்ற ஓர் அறை. அதில் அவளும், கம்பிக்கு அப்பால் விலங்கிடப்பட்ட அவள் நண்பனும். தலைக்கு மேலே பழுக்கக் காய்ச்சிய ஆணிகள் பதித்த கூரை மெல்ல இறங்குகிறது. சுவரிலே ஒரு கேள்வி எழுதப்பட்டிருக்கிறது. மூன்று நெம்புகோல்கள், சரியானதை இழுத்தால் கூரை நிற்கும். எளிய கேள்விதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது!

வாளுக்கு அஞ்சாதவள், புழுவுக்கு அஞ்சாதவள், சுவரில் இருக்கும் நான்கு வரி எழுத்தின் முன்னே நின்று நடுங்குகிறாள். வறுமை வந்தபோது பிள்ளைக்குப் படிப்பு நின்றது. படிப்பு நின்றதை அந்த வீட்டில் யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. அந்தக் குறைதான் இப்போது ஆணிக் கூரையாகி இறங்கி வருகிறது. எழுத்தறிவின் அருமையைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். இத்தனை கூர்மையாக நாம் சொன்னதுண்டா என்று எண்ணிப் பார்த்தோம், இல்லை. காதற் கதை எழுதுகிற ஓர் அம்மையார் போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

அவளுக்கு அங்கே மறைவாக உதவுபவன் ரீசாண்ட். இரவு நாட்டின் அதிபதி. கெட்ட பெயர் எடுத்தவன். சோதனைகள் முடிகின்றன, அவள் மாள்கிறாள், ஏழு நாட்டு அதிபதிகளும் தத்தம் ஆற்றலில் ஒரு பொறி தந்து அவளை மாயக்குலத்தவளாகவே உயிர்ப்பிக்கின்றனர். கொடுங்கோலி ஒழிந்தாள், காதலர் கூடினர், சுபம். மற்ற கதைகளாயிருந்தால் இத்தோடு திரை விழும்.

2016-இல் வந்த இரண்டாம் நூல் அந்தத் திரையைக் கிழிக்கிறது. 'எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி' என்பது அதன் பெயர். தொடரிலே சிறந்தது இதுதான் என்பது நம் கருத்து. மீட்கப்பட்ட டாம்லின் மீட்டவளை என்ன செய்கிறான்? காக்கிறான்! ஆம், காக்கிறான். வெளியே போகாதே, ஆபத்து. அரசியல் பேசாதே, உனக்கேன் அந்தத் தொல்லை. பயிற்சி வேண்டாம், ஓய்வெடு. ஓவியம் தீட்டு, உடுத்திக்கொள், விருந்தினர் முன் புன்னகை செய். இரவில் அவள் கெட்ட கனவு கண்டு வாந்தியெடுக்கிறாள். அவனோ அதைக் கண்டும் காணாதவன் போல் கிடக்கிறான். ஒரு நாள் அவள் உடன் வருவேன் என்று பிடிவாதம் செய்ய, வீட்டைச் சுற்றி மந்திரச் சுவர் எழுப்பி அவளை உள்ளே வைத்து அடைத்துவிட்டுப் போகிறான். மாளிகைதான், ரோஜாத் தோட்டம்தான், பூட்டு பூட்டுத்தானே? அவள் உள்ளே நிலைகுலைந்து விழுகிறாள். இரவு நாட்டிலிருந்து ஒரு பெண் வந்து அவளைத் தூக்கிச் செல்கிறாள்.

காதலித்தவன்; அவளுக்காகப் பெருந்துன்பம் பட்டவன்; தீயவன் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாதவன். அவனை விட்டு ஒரு பெண் வெளியேறலாம், அது துரோகம் ஆகாது என்று கதை சொல்கிறது. முதல் நூலில் அவனையே நாயகனாக்கி, வாசிக்கும் பெண்களை அவன்மீது காதல் கொள்ள வைத்துவிட்டு, இரண்டாம் நூலில் இதைச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். பல பெண்கள் தம் வாழ்க்கையையே அந்தப் பக்கங்களில் கண்டிருப்பார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

அந்த மாளிகையில் நடைபெறும் வரி வசூலையும் சொல்லாமல் விட மாட்டோம். ஆண்டுக்கு இருமுறை குடிகள் வரிசையில் நின்று வரி செலுத்த வேண்டும். ஏரியில் வாழும் நீர்மகள் ஒருத்தி வருகிறாள். ஏரியில் மீன் அற்றுப் போயிற்று, தருவதற்கு ஒன்றுமில்லை என்கிறாள். மூன்று நாள் தவணை. தவறினால் இருமடங்கு என்கிறான் டாம்லின். சட்டமாம், முறையாம், ஒருத்திக்கு விட்டுக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களாம்! சமீன்தார்கள் பேசிய அதே பேச்சு. கடல் கடந்தாலும், கற்பனை உலகத்துக்கே போனாலும் அந்தப் பேச்சு மாறுவதில்லை. பசியை அறிந்த ஃபெய்ரா தன் நகைகளைக் கழற்றி அந்த நீர்மகள் கையில் கொடுத்துவிடுகிறாள். வீட்டில் அதற்காகத் திட்டு வாங்குகிறாள். பின்னொரு நாள் அவள் நீரில் மூழ்கிச் சாகப் போகும்போது காப்பாற்றியவர்கள் அந்த நீர்மகளின் உடன்பிறந்தவர்களே.

அங்கே ஒரு தலைமைப் பூசாரிணியும் உண்டு. இயாந்தே என்பது பெயர். திருமண ஏற்பாடு அவள் கையில். மணப்பெண் உடுத்த வேண்டிய உடை அவள் விருப்பம். எந்த விழாவில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது அவள் கட்டளை. வாயில் எப்போதும் தெய்வத்தின் பெயர். கடைசியில் ஃபெய்ராவின் உடன்பிறந்தாரைப் பகை அரசனிடம் காட்டிக் கொடுத்தவளும் அவளே. இதற்கு நாம் விளக்கவுரை எழுதப் போவதில்லை!

இரவு நாட்டு ரீசாண்ட் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? எழுதுகோலும் தாளும் கொடுத்து அவளை உட்கார வைத்ததுதான். தன்னைத் தானே புகழும் வாக்கியங்களை எழுதிக் கொடுத்து, படி, பார்த்து எழுது என்கிறான். அவள் பல்லைக் கடித்துக் கொண்டு எழுதுகிறாள். வாய்விட்டுச் சிரித்தோம். காதலிக்கு வைரமாலை தந்த நாயகர்கள் ஏராளம். அரிச்சுவடி தந்த நாயகனை நாம் அதிகம் கண்டதில்லை. பின்னர் அவளைத் தன் பட்டத்தரசியாக அன்று, தனக்கு நிகரான அதிபதியாகவே ஆக்குகிறான். ஆண்டால் இருவரும் ஆள்வது!

குறை இல்லையா? உண்டு, மறைக்க மாட்டோம். இந்த உலகில் இன்னாருக்கு இன்னார் என்று பிறவியிலேயே ஒரு பிணைப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கிறதாம். இதைப் படித்ததும் நமக்கு எரிச்சல் வந்தது. தலையெழுத்து, பொருத்தம், முடிச்சு என்று சொல்லிச் சொல்லி எத்தனை பெண்களைக் கிணற்றில் தள்ளினார்கள்! ஆனால் ஆசிரியர் அந்த வலையிலும் ஒரு கதவை வைத்திருக்கிறார். பிணைப்பை மறுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. ரீசாண்டின் தாயும் தந்தையும் அப்படிப் பிணைக்கப்பட்டவர்கள்தாம். ஆயினும் ஒருவருக்கொருவர் பொருந்தாதவர்கள் என்று அவனே கூறுகிறான். ஃபெய்ராவும், பிணைப்பை அறிந்தும் தன்னிடம் மறைத்தானே என்று சினந்து அவனை விட்டு விலகிப் போகிறாள். தனியே இருந்து எண்ணிப் பார்த்த பிறகு, வந்தவனுக்குச் சூடாக ஒரு கிண்ணம் சூப் வைக்கிறாள். உணவு தருவதுதான் சம்மதத்தின் அடையாளம். தீ இல்லை, மந்திரம் இல்லை, தட்சிணை இல்லை. பிறகு ஒரு பூசாரிணி முன் உறுதிமொழி சொல்லப் போகிறார்கள் என்பது உண்மை. சூப்போடு நிறுத்தியிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

இன்னொரு குறையும் உண்டு. ஏழு நாடுகளுக்கு ஏழு அதிபதிகள். ஆற்றல் குருதி வழியே வருகிறது. குடிகளுக்கு வாக்குச் சீட்டு கிடையாது. நல்ல அரசன் வந்தால் நாடு செழிக்கும் என்ற பழைய பாட்டைத்தான் இந்தப் புதிய அம்மையாரும் பாடுகிறார். ரீசாண்டின் ஆட்சியிலேயே இல்லீரியர் என்னும் சிறகுடைய மறவர் கூட்டத்தில், பெண் பருவமடைந்ததும் அவள் பறக்காதிருக்கச் சிறகின் நரம்பை வெட்டிவிடும் கொடுமை நடக்கிறது. அவன் சட்டம் போட்டுத் தடுத்தான். மலைப் பாளையங்களில் அது நின்றபாடில்லை. சட்டம் தலைநகரில், கத்தி கிராமத்தில்! இந்த இடத்தில் மட்டும் ஆசிரியர் அரசனின் இயலாமையை ஒளிவு மறைவின்றிக் காட்டிவிட்டார்.

சூனியக்காரிகள் எங்கே என்று கேட்கிறீர்களா? அவர்களுக்கு இதே அம்மையாரின் வேறொரு தொடரைத் திறக்க வேண்டும். 2012-இல் தொடங்கி 2018-இல் நிறைவுற்ற 'த்ரோன் ஆஃப் கிளாஸ்' தொடர் அது. அதன் மூன்றாம் நூலில், 2014-இல், மானன் என்னும் சூனியக்காரி வருகிறாள். இரும்புப் பல், இரும்பு நகம், நீலக் குருதி. இரக்கம் என்ற சொல்லையே அறியாதபடி பாட்டியால் வளர்க்கப்பட்டவள். அந்தப் பாட்டிதான் குலத்தலைவி. எதிர்க்குலத்தாரைக் கண்டால் கொல். ஏன் என்று கேட்காதே. இதுதான் அவளுக்குப் புகட்டப்பட்ட பால். பாட்டியின் கட்டளைப்படி எதிர்க்குலப் பெண்ணொருத்தியை மானன் கொல்கிறாள். அவளுடைய சிவப்பு மேலங்கியை வெற்றிச் சின்னமாக அணிந்து திரிகிறாள். கொன்றது தன் தந்தையின் மகளை, தன் சொந்த அக்காளை என்பது பின்னரே தெரிகிறது. அந்த மேலங்கி அப்போது எவ்வளவு கனத்திருக்கும்!

மானனுக்கு வலக்கை போன்றவள் ஆஸ்டெரின். அவள் முன்பு குழந்தையைச் சாப்பிள்ளையாகப் பெற்றாள். அதற்குத் தண்டனையாகக் குலத்தலைவி அவள் வயிற்றில் தீட்டுப்பட்டவள் என்று சூடு போட்டு எழுதினாள். வருந்தியவளை அணைக்க வேண்டிய கை, காய்ச்சிய இரும்பை எடுத்தது. அந்த ஆஸ்டெரினையே கொல்லுமாறு மானனுக்கு ஆணை வருகிறது. மானன் வாளை ஓங்குகிறாள். ஓங்கிய வாள் பாட்டியின் பக்கம் திரும்புகிறது. அந்தப் பக்கத்தைப் படித்து முடித்துச் சிறிது நேரம் நூலை மடியில் வைத்துக்கொண்டிருந்தோம். அவளை இளக்கியது எது? அப்ராக்சாஸ் என்னும் பறக்கும் பூதவிலங்கு. மற்ற விலங்குகளின் பயிற்சிக்கு இரையாகக் கட்டி வைக்கப்பட்டுத் தழும்பேறிப் போன அது, போர்க்களத்துக்குப் போகச் சொன்னால் வழியில் இறங்கிப் பூக்களை முகர்ந்துகொண்டு நிற்கும்!

இனிப் பழமைவாதியின் கேள்விக்கு வருவோம். உங்களுக்கு இது மட்டும் இனிக்கிறதோ என்றாரே, அவருக்கு.

1576. ஸ்காட்லாந்தில் பெசி டன்லப் என்ற கிராமத்துப் பெண். நோயாளிக்கு மருந்து சொல்வாள். காணாமற்போன பொருள் இருக்குமிடம் சொல்வாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்தார்கள். போரில் மாண்ட தாம் ரீட் என்பவன் தோன்றிச் சொல்கிறான். அவன் மாயக்குலத்தாரோடு வாழ்கிறான் என்றாள். எரித்தார்கள். கதையில் ஃபெய்ரா மாயக்குலத்தானைச் சந்தித்ததற்குக் காதல் பரிசு. உண்மையில் பெசிக்குத் தீ பரிசு. 1563-இல் இயற்றப்பட்டு 1736 வரை அந்நாட்டில் நடப்பில் இருந்த சூனியச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4,000 பேர் குற்றம் சாட்டப்பட்டனர், பெரும்பாலோர் பெண்கள். 2022 மார்ச்சு 8-ஆம் நாள், மகளிர் நாளன்று, அந்நாட்டு முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அரசின் சார்பில் அவர்களுக்காக வருத்தம் தெரிவித்தார்.

அது பழங்காலம் என்று தள்ளிவிடாதீர்கள். 1895-ஆம் ஆண்டு, அயர்லாந்தின் திப்பரேரி மாவட்டத்தில் பாலிவாட்லி என்னும் சிற்றூர். பிரிட்ஜெட் கிளியரி, வயது 26, தையற்காரி. சொந்தமாகத் தையல் எந்திரம் வைத்துச் சம்பாதித்தவள், நன்றாக உடுத்துபவள், யாருக்கும் தலைகுனியாதவள். மார்ச்சு மாதத்தில் நோயில் படுத்தாள். கணவன் மைக்கேல், பீப்பாய் செய்யும் தொழிலாளி. படுத்திருப்பவள் தன் மனைவியல்லள், மாயக்குலத்தார் அவளைக் கவர்ந்து சென்று வேறொருத்தியை இங்கே மாற்றி வைத்துவிட்டனர் என்று நம்பினான். உறவினர் சிலரும் உடன் சேர்ந்து அவளைப் பிடித்து அழுத்திக்கொள்ள, பாலில் காய்ச்சிய பச்சிலையை வாயில் திணித்தான். நீ யார், நீ யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அடுத்த இரவு விளக்கிலிருந்த எண்ணெயை ஊற்றிக் கொளுத்திவிட்டான். பெற்ற தந்தையும் அந்த வீட்டில்தான் இருந்தார்.

பிறகு அவன் என்ன செய்தான்? கத்தியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பக்கத்திலுள்ள மாயக்குலத்தார் மேட்டில் போய்க் காத்திருந்தான். என் உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் ஏறி இரவில் வெளியே வருவாள். கட்டை அறுத்து அவளை மீட்டுக்கொள்வேன் என்றான்.

வெள்ளைக் குதிரை! ஜேனட் தன் காதலனை இழுத்து இறக்கிய அதே குதிரை. பாட்டாக இருந்தவரை அது பிடியை விடாத ஒரு பெண்ணின் காதலைச் சொல்லிற்று. உண்மை என்று நம்பியபோது அது ஒரு பெண்ணின் பிணத்தைக் குழியில் வைத்தது. நீதிமன்றம் மைக்கேலுக்கு 20 ஆண்டு கடுங்காவல் விதித்தது. 15 ஆண்டு கழித்து 1910-இல் வெளியே வந்தான்.

பழமைவாதி நண்பருக்கு நம் விடை இதுதான். மாஸ் அம்மையாரின் நூலில் முதல் பக்கத்திலேயே இது புனைகதை என்று இருக்கிறது. ரீசாண்டுக்குக் கோயில் இல்லை; உண்டியல் இல்லை; அவனை மறுத்தவன் நாத்திகன் என்று பழிக்கப்படுவதில்லை; அவன் பெயரால் எவரும் தெருவில் நடக்கத் தடை இல்லை. உங்கள் புராணத்தையும் அதே வரியை முன்னே அச்சிட்டு வெளியிடுங்கள். முதற்படியை வாங்கிப் படிப்பவர்கள் நாமாகவே இருப்போம். சூனியக்காரி என்று பெயரிட்டு ஏழைப் பெண்களை அடித்துக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1999-இல் பீகாரில் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது; 2001-இல் ஜார்க்கண்டும் அதை ஏற்றது. அந்தக் கொலைகாரர்கள் எவரும் காதற் புதினம் படித்துக் கெட்டவர்கள் அல்லர்.

புதினத்துக்கும் தடை போடுவோர் இல்லாமலில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2024 ஆகஸ்டில் 13 நூல்களின் பட்டியல் வெளியிடப்பட்டது. மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் அனைத்திலிருந்தும் அவற்றை அகற்ற வேண்டும் என்பது ஆணை. மூன்று மாவட்டங்கள் ஒரு நூலை வேண்டாம் என்றால் மாநிலம் முழுவதும் வேண்டாம் என்று அவ்வாண்டுதான் சட்டம் செய்திருந்தனர். அந்த 13-இல் 6 நூல்கள் மாஸ் அம்மையாருடையவை! 13-இல் 12 பெண்கள் எழுதியவை. 2022-இல் வர்ஜீனியா மாநிலத்தில் இரண்டாம் நூலை ஆபாசம் என்று தீர்ப்பளிக்குமாறு வழக்கே தொடுத்தனர். நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாக உள்ளன; அதுதான் காரணம் என்கின்றனர். உள்ளன, உண்மை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் நாமும் கொடுக்க மாட்டோம். 2020 முதல் பதிப்பகமே வளர்ந்தோருக்குரிய நூலாகத்தான் இதை வெளியிட்டு வருகிறது. ஆனால் பதினேழு வயதுப் பெண், காப்பாற்றுகிறேன் என்ற பெயரால் பூட்டப்பட்ட கதவைக் கதையிலாவது முன்கூட்டிப் பார்த்து வைக்கட்டுமே! அதைக்கூடத் தடுக்க மூன்று மாவட்டத்துக் கனவான்கள் போதும் என்றால், அவர்கள் அஞ்சுவது படுக்கையறைக் காட்சிக்கு மட்டுந்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

அகற்றப்பட்ட ஆறில் ஒன்று 2021-இல் வந்த 'எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃபிளேம்ஸ்'. ஃபெய்ராவின் தமக்கை நெஸ்டாவின் கதை. இரவு நாட்டில் மலைக்குள் குடைந்த ஒரு நூலகம் இருக்கிறது. ஆடவரால் கொடுமைக்கு ஆளான பெண்கள் அங்கே அடைக்கலம் புகுந்து நூல்களைப் பேணி வருகின்றனர். நெஸ்டா அங்கே அலமாரியில் நூல்களை அடுக்கும் வேலைக்கு வருகிறாள். க்வின் என்னும் நூலகப் பெண்ணும், சிறகு வெட்டப்பட்ட எமெரி என்னும் கடைக்காரியும் அவளுக்குத் தோழியராகின்றனர். மூவரும் என்ன செய்கிறார்கள்? இரவில் காதற் புதினங்களை மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். பகலில் மாடத்தில் வாட்பயிற்சி செய்கிறார்கள்.

பயிற்சிக் களத்தில் ஒரு நாடாத்துணி தொங்குகிறது. காற்றில் ஆடும் அதை ஒரே வீச்சில் இரண்டாக அறுக்க வேண்டும். அறுத்தால்தான் அடுத்த பாடம். நாட்கணக்கில் ஒருத்தியாலும் முடியவில்லை. வெளியே வரவே அஞ்சி மலைக்குள் ஒடுங்கிக் கிடந்த க்வின்தான் அதை முதலில் அறுத்தாள்.